ஏற்காடு ஏத்தமும் மூணு இஞ்ச் சைலன்சரும்

வெர்னியர்
சேலம் கார்க்காரங்க வாட்ஸப் குழு ஒண்ணுல நேத்து ஒரு தீர்ப்பு சுத்திட்டு இருந்துச்சு: //மஸ்டாங் ஜிடிக்கு 3 இஞ்ச் சைலன்சர் பைப் போட்டா ஏற்காடு ஏத்தத்துல இழுவை செத்துரும். 2.5 தாண்டாதீங்க. பேக் பிரஷர் இல்லாம டார்க் வராது.// எழுதினவர் இங்கயும் இருக்கார், பேர் சொல்லல. ஃபோர்டோட வண்டி, 4951 சிசி வி8 (எட்டு சிலிண்டர்), டர்போ கிடையாது. புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சுருக்கமா கேட்) தாண்டிக் கிடக்கற பைப்ப அரை இஞ்ச் பெருசாக்கினா டார்க், அதான் இழுவை விசை, எங்கங்க ஓடிப்போகும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. "எல்லாரும் சொல்றாங்க"ங்கறது காரணத்துல சேராது.

கொண்டைஊசி20
பேர் சொல்லலன்னா தெரியாதாக்கும். நான்தான் எழுதினேன், இப்பவும் அதேதான். 3 இஞ்ச் போட்டா இழுவை போகும். வாய்க்கால அகலமா வெட்டினா தண்ணி சோம்பலா நகரும், ஒடுக்கினா பாயும். பாயற வாயுதான் பின்னாடி வர்றத இழுத்துட்டுப் போகும். அடிவாரத்துல இருந்து 20 வளைவு. ஒவ்வொண்ணுலயும் வண்டி 1500, 2000 ஆர்பிஎம்முக்கு விழுந்து எந்திரிக்கணும். அங்கதான் 3 இஞ்ச் பல்லிளிக்கும். பைபாஸ்ல நேரா மிதிச்சுட்டு "வித்தியாசமே இல்ல"ங்கறவங்க பத்தாவது வளைவுல வந்து பேசட்டும்.

புதுவண்டி
வணக்கங்க. 2017 மஸ்டாங் ஜிடி, ரெண்டாவது கை. கேட்-பேக் (கேட்டுக்குப் பின்னால இருக்கற எல்லாம்) முழுசா மாத்தணுமா, ஆக்சில்-பேக் (பின் ஆக்சிலுக்குப் பின்னால இருக்கறது) மட்டும் போதுமா? சத்தம் வேணும், ஆனா சேலம் டு சென்னை போறப்ப காதுக்குள்ள ரீங்காரம் வரக்கூடாது.

வெர்னியர்
வாய்க்கால் கதை நல்லாருக்கு. ஆனா சைலன்சர்ல தண்ணி ஓடலீங்க. வால்வு தொறக்கறப்ப ஒரு அழுத்த அலை வெளிய போகுது. அது திரும்பி வர்ற நேரத்த வெச்சுதான் அடுத்த சிலிண்டருக்கு உதவியா உபத்திரவமான்னு முடிவாகும். அந்த வேலை முக்காவாசி இன்ஜின ஒட்டி இருக்கற ஹெட்டர் குழாய்கள்லயும் நாலு குழாயும் சேர்ற கலெக்டர்லயும் முடிஞ்சுரும். கேட்டத் தாண்டினா மிச்சம் இருக்கறது தடையும் சத்தமும்தான்.

கணக்குக்கு வருவோம். நீங்க சொல்ற 3 இஞ்ச் வெளிய அளந்ததா, உள்ள அளந்ததா? கடையில விக்கறது வெளிவிட்டம். தகடு 1.6 மில்லின்னா 76.2 மில்லி (3 இஞ்ச்) பைப்போட உள்வாய் 73 மில்லி. 63.5 மில்லி (2.5 இஞ்ச்) பைப்போட உள்வாய் 60.3. பரப்பு 41.9 சதுர செமீ, 28.6 சதுர செமீ. பெருசு ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. சைலன்சர் கட்டறவங்களோட வழக்கக் கணக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு நிமிஷத்துக்கு 2.2 கன அடி காத்து, பைப்புல ஒரு சதுர இஞ்ச் வழியா 115 கன அடி. இந்த வண்டி சுமாரா 400 குதிரை. 880 கன அடி, அதாவது 7.65 சதுர இஞ்ச் வேணும். 2.5 பைப் ரெண்டு ஓடினா 8.9 சதுர இஞ்ச் கிடைக்குது. தாராளம்.

கொண்டைஊசி20
//2.5 பைப் ரெண்டு ஓடினா... தாராளம்//
ஆக நான் சொன்னது சரி. நன்றி, வணக்கம்.

வெர்னியர்
2.5 போதும்ங்கறது வேற, 3 போட்டா செத்துரும்ங்கறது வேற. முதல்ல சொன்னத ரெண்டாவதுக்குச் சாட்சியா இழுக்காதீங்க.

கொண்டைஊசி20
போதும்னா அப்புறம் எதுக்குங்க 3? இழுவை போகும்னு தெரிஞ்சுதானே போதும்ங்கறீங்க.

அஞ்சுரோடு
ரெண்டு பேரும் அளவுகோலத் தூக்கிட்டு அலையறீங்க. இந்த வண்டிக்கு மனுஷன் சைலன்சர் மாத்தறதே சத்தத்துக்கு. அத முடிவு பண்றது ரெண்டு பக்க பைப்பையும் நடுவுல சேக்கற இணைப்பு. H எழுத்து மாதிரி இருக்கற எச் பைப்பா, X மாதிரி இருக்கற எக்ஸ் பைப்பா? எச் போட்டா அடித்தொண்டையில குடுகுடுன்னு வரும், வி8னா அதான். எக்ஸ் போட்டா சுருதி ஏறிக் கிறீச்சுனு ஆயிரும். கோடிக் கணக்குல விக்கற இத்தாலிக் கார் மாதிரி கத்தணும்னா எக்ஸ் போட்டுக்கங்க.

வெர்னியர்
இதுவும் பாதிதான். அந்தக் குடுகுடு எங்க இருந்து வருது? இந்த இன்ஜினோட வெடிப்பு வரிசை 1-5-4-8-6-3-7-2. 1 முதல் 4 வரை சிலிண்டர் ஒரு பக்கம், 5 முதல் 8 வரை மறுபக்கம். வரிசைய மறுபடி பாருங்க. 8 முடிஞ்சு 6, ரெண்டும் ஒரே பக்கம். 2 முடிஞ்சு 1, அதுவும் ஒரே பக்கம். அடுத்தடுத்து ஒரே பைப்புல ரெண்டு அடி. தாளம் நொண்டறது அங்கதான். எக்ஸ் ரெண்டு பக்கத்தையும் கலந்து தாளத்தச் சமனாக்குது, எச் கொஞ்சமாக் கலக்குது. இதுலயும் 3 இஞ்சுக்கும் இழுவைக்கும் சம்பந்தம் இல்ல.

அஞ்சுரோடு
நான் சொன்னதையே நம்பர் போட்டுச் சொல்லிட்டு "பாதிதான்"ங்கறாரு.

குரங்குச்சாவடி
பேக் பிரஷர்னா என்னன்னு யாராச்சும் சொல்லிட்டு அப்புறம் அடிச்சுக்கங்க. தடையா, திரும்பி வர்ற அலையா, வாயு வேகமா? மூணும் மூணு விஷயம்.

கொண்டைஊசி20
எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு எதுக்குங்க விளக்கவுரை. 3 இஞ்ச் போட்டா அது இல்லாமப் போகும், இழுவை போகும். அவ்ளோதான்.

குரங்குச்சாவடி
சரி விடுங்க, உருப்படியா ஒண்ணு. பைப் எந்த இரும்புன்னு யாரும் கேக்கல. 304 ரக ஸ்டெயின்லெஸ்னு சொல்லி மட்டமான 202 ரகத்தத் தலையில கட்றாங்க. காந்தம் வெச்சுப் பாத்தேன் ஒட்டல, அதனால 304தான்னு நம்பிட்டு வர்றவங்க உண்டு. 202லயும் காந்தம் ஒட்டாதுங்க! காந்தம் ஒட்டறது 409 ரகத்துல. பேக்டரி சைலன்சர்ல நிறைய அதுதான், மேல பழுப்பேறும், ஆனா சூட்டுக்கு நல்லாத் தாங்கும். 202ல நிக்கல் கம்மி, மாங்கனீசு ஜாஸ்தி. மழையில நனைஞ்சு சூடாகிச் சூடாகி வெல்டிங் ஓரத்துலதான் முதல்ல துரு வரும். சொட்டு மருந்து விட்டுப் பாக்கற கிட் கடையில கிடைக்குது, மாங்கனீசு ஜாஸ்தி இருந்தா நிறம் மாறும். இல்ல இரும்பு தயாரிச்ச ஆலையோட மில் சர்டிபிகேட் கேளுங்க. உருக்காலை வெச்சிருக்கற ஊரு நம்முளுது, ஊர் ஊராப் பாத்திரத்துல "சேலம் ஸ்டெயின்லெஸ்"னு முத்திரை போட்டு வித்த ஊரு. நாமளே 202ஐ 304னு வாங்கினா வெளிய சொல்லிக்க முடியுமா?

வெல்டிங் ஆர்கான் வாயுல பண்ணாப் பத்தாது. பைப்புக்கு உள்ளயும் ஆர்கான் விட்டுட்டே ஒட்டணும். விடலன்னா உள்பக்கம் சக்கரை பூத்த மாதிரி கருகிப் பொருபொருன்னு நிக்கும். வெளியில மீன் செதில் மாதிரி அழகா இருக்கும், விரிசல் உள்ள இருந்து கிளம்பும். 304க்கு 308எல் வெல்டிங் கம்பி. வளைவு மேண்ட்ரல் (நசுங்காம இருக்க பைப்புக்கு உள்ள விடற தாங்கி) போட்டு வளைச்சதா இருக்கணும். சும்மா அழுத்தி வளைச்சா அந்த எடத்துல வாய் நசுங்கும். அப்புறம் 3 இஞ்ச் என்ன, 2.5 என்ன.

வெர்னியர்
கடைசி வரி ஒண்ணுதான் இந்தத் திரிக்குச் சம்பந்தம். நசுங்கின 3 இஞ்சப் போட்டுட்டு இழுவை போச்சுன்னு அழுவறவங்க இருக்காங்க. கொண்டைஊசியார் பாத்தது எந்த ரகமோ.

கொண்டைஊசி20
நசுங்குனா வாய் சின்னதாகும். உங்க கணக்குப்படி சின்னதானா நல்லதுதானே? மாட்டிக்கிட்டீங்களா!

வெர்னியர்
சின்னதானா நல்லதுன்னு நான் எங்கங்க சொன்னேன்? மேல போய்ப் படிங்க.

சரி, ஏற்காட்டுக்கே வர்றேன். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 100 மீட்டர் ஏறினா ஏறக்குறைய 1 சதவீதம் சக்தி குறையும், காத்து லேசாகறதால. அடிவாரத்துல இருந்து மேல போய்ச் சேர்றதுக்குள்ள 12 சதவீதம் போச்சு. எந்த சைலன்சர் போட்டாலும் போகும், போடாட்டியும் போகும். ஞாயித்துக்கிழமை புது சைலன்சரோட மேல போய் "இழுவை இல்லையே"ன்னா, மலையோட கணக்க பைப்பு தலையில எழுதறீங்கன்னு அர்த்தம்.

கொண்டைஊசி20
மலை நேத்தா முளைச்சுது? பழைய சைலன்சரும் அதே மலைதான ஏறுச்சு? அதே வளைவு, அதே கியர், அதே ஆள். மாறினது 3 இஞ்ச்.

வெர்னியர்
மாறினது சத்தமும்தான். சத்தம் பெருசானா கால் தானா லேசாகும், ஆக்சிலரேட்டர முன்ன மிதிச்ச அளவு மிதிக்க மாட்டோம். காரோட கம்ப்யூட்டரப் படிக்கற ஓபிடி கருவி மாட்டி த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறப்பு) சதவீதத்தப் பதிவு பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

ஏற்காட்டுக்காரன்
சாமிகளா, மேல குடியிருக்கறவங்க சார்பா ஒரு வார்த்தை. ராத்திரி பதினோரு மணிக்கு நீங்க அடிவாரத்துல முறுக்கறது எங்க காப்பித் தோட்டத்துல கேக்குது. கூடவே சட்டமும் கேட்டுக்கங்க: சத்த விதிய மீறினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2), முதல் தடவையே 10,000 வரை அபராதம், இல்லாட்டி 3 மாசம் வரை உள்ள, இல்லாட்டி ரெண்டும். லைசன்ஸும் 3 மாசத்துக்குப் போகும். அதுல 2.5க்குத் தள்ளுபடி கிடையாது.

அஞ்சுரோடு
எச் பைப் போட்டா அவ்வளவு தூரம் கேக்காதுங்க. கிறீச்சுனு எட்டறது எக்ஸ்தான்.

ஏற்காட்டுக்காரன்
எங்களுக்கு ரெண்டும் கேக்குது.

புதுவண்டி
என் கேள்விக்கு யாராவது...

குரங்குச்சாவடி
புதுவண்டி தம்பி, ரீங்காரம் வேண்டாம்னா நடு பைப்புல ரீங்காரத்த அடக்கற ரெசோனேட்டர வெட்டாதீங்க. ஆக்சில்-பேக்னா பின்னாடி மப்ளர் (சத்தம் குறைக்கற டப்பா) ரெண்டு மட்டும் மாறும், பேக்டரி பைப்ப அறுக்கணும். அறுக்கற எடம் கிட்டோட தாள்லயே இருக்கும். மப்ளரச் சும்மா வெச்சுப் பாத்து, நுனி பம்பருக்கு நடுவுல வருதான்னு குறிச்சுட்டு அப்புறம் அறுங்க. கேட்-பேக் வாங்கினா முன்னாடியே ரெண்டு பார்க்கணும். ஒண்ணு, எக்ஸ் பைப் அடியில தொங்கற அளவு. கொண்டை ஊசியில உள்பக்கம் ஒட்டித் திருப்பினா அங்கதான் உரசும். இன்னொண்ணு, கிளாம்ப முதல்ல கையால மட்டும் இறுக்கி, எல்லா ரப்பரும் மாட்டி, டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் பம்பருக்கும் 25 மில்லியாவது இடைவெளி விட்டு, அப்புறம்தான் முன்னால இருந்து பின்னால முழுசா இறுக்கணும். 304 பைப் 2 மீட்டர் நீளம் 400 டிகிரி சூடேறினா 14 மில்லி நீளும். இடைவெளி விடலன்னா பம்பர் பிளாஸ்டிக் உருகும். முதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கைரேகைய அசிட்டோன்ல தொடச்சுருங்க, இல்லன்னா ரேகை அப்படியே வெந்து நின்னுரும். ஹெட்டர் பக்கம் மட்டும் போயிராதீங்க. அமெரிக்காவுல இருந்து வர்ற நீளக் குழாய் (லாங் ட்யூப்) ஹெட்டர் பெரும்பாலும் இடது பக்க ஸ்டியரிங் வண்டிக்கு. நம்ம வண்டியில வலது பக்கம் ஸ்டியரிங் ஷாஃப்ட்டுல போய் இடிக்கும்.

வெர்னியர்
ரெசோனேட்டர் மட்டும் பத்தாது. 1800 ஆர்பிஎம்ல வி8 நொடிக்கு 120 தடவ வெடிக்குது. ஹைவேல ஆறாவது கியர்ல வண்டி ஏறக்குறைய அங்கதான் ஓடும், ரீங்காரமும் அங்கதான். அதுக்கு ஒரு முனை அடைச்ச கிளைப் பைப், ஜே பைப்பும்பாங்க. அடைச்ச பைப்புல வாயு கொஞ்சம் ஆறியிருக்கும், ஒலி வேகம் நொடிக்கு 430 மீட்டர்னு வெச்சுக்கிட்டா நாலுல ஒரு பங்கு அலை 90 செமீ. கொஞ்சம் நீளமாவே வெச்சு, ஓட்டிப் பாத்து, சிறுகச் சிறுக அறுத்துட்டு வரணும். இதுவும் 2.5லயும் வேலை செய்யும், 3லயும் செய்யும்.

கொண்டைஊசி20
3ல ரீங்காரம் ஜாஸ்தி. அதையும் சேத்துச் சொல்லுங்களேன்.

வெர்னியர்
ஜாஸ்திதான். நான் மறுக்கல. ஆனா இழுவை...

கொண்டைஊசி20
மறுக்கலல்ல? போதும்.

வெர்னியர்
போதாது. கடைசியா ஒரு வழி சொல்றேன், இதுக்கும் வாய்க்கால் உவமை சொல்லாதீங்க. கேட்டுக்கு முன்னால இருக்கற ஓ2 (ஆக்சிஜன்) சென்சாரக் கழட்டுங்க. மரை எம்18, பிட்ச் 1.5. அதே மரையில அடாப்டர் போட்டு ஒரு அரை மீட்டர் செம்புக் குழாய் விட்டு, நுனியில 0 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்த கேஜ் மாட்டுங்க. செம்பு இல்லாம ரப்பர் விட்டா உருகிரும். செக் என்ஜின் லைட் எரியும், பயப்பட வேண்டாம். பழைய சைலன்சரோட ஒரு தடவ, 2.5ஓட ஒரு தடவ, 3ஓட ஒரு தடவ, மூணாவது கியர், முழு த்ராட்டில், 2000ல இருந்து 6000 வரை. ரோட்டுல வேண்டாம், டைனோவுல (வண்டிய உருளை மேல நிறுத்தி ஓட்டி சக்தி அளக்கற மெஷின்). முழு மிதியில 3 பிஎஸ்ஐ தாண்டினாத்தான் பைப் ஒடுக்கம்னு அர்த்தம். 2000 ஆர்பிஎம்ல மூணுலயும் முள்ளு நகர்ந்தாலே ஆச்சரியம். நகராத முள்ள வெச்சுக்கிட்டு எந்தப் பேக் பிரஷர் போச்சுன்னு சொல்வீங்க?

அஞ்சுரோடு
டைனோ மணிக்கணக்கு வாடகைய யார் தர்றது? அதுல பாதிக்கு எச் பைப் வந்துரும்.

கொண்டைஊசி20
டைனோவுல வளைவு ஏதுங்க? அடிவாரத்துல வெச்சு அளக்கச் சொன்னாப் பரவால்ல. சென்சாரத் திருப்பி மாட்டறப்ப மரையில தடவற பசை முனையில படாமப் பாத்துக்கங்க, சிலிக்கான் கம் பக்கமே கொண்டு போகாதீங்க, சென்சார் செத்துரும். அது வரைக்கும் உங்க பேச்சுல குத்தம் இல்ல. 3 இஞ்ச மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

வெர்னியர்
ஒத்துக்கச் சொல்லி யார் கேட்டா? வெளிவிட்டமா உள்வாயான்னு மொதல் பதில்லயே கேட்டேன், இன்னும் சொல்லல.