கமான் போல்ட் ஜாம், வெளிய வரவே மாட்டேங்குது, அவசரம்!!

உப்புவண்டி:
வணக்கம் எல்லாருக்கும், பிக்கப்ல கமான் (அடியில பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்) போல்ட் துரு ஏறிப் பிடிச்சிக்கிச்சு, ரெண்டு நாளா சம்மட்டி போட்டு அடிச்சுப் பாத்தாச்சு, டபிள்யூடி-40 ஒரு டப்பா காலி, ஒரு இழைகூட அசையல. வியாழக்கிழமை எஃப்சி (வண்டி தகுதிச் சான்று சோதனை) வேற. வண்டி சாஞ்சு நிக்குது, இப்படியே ஓட்டிட்டுப் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. யாராச்சும் சீக்கிரம் வழி சொல்லுங்க

ஸ்பேனர்17:
என்ன வண்டி? எந்த வருசம்? முன்னாடியா பின்னாடியா? கமான்ல சென்டர் போல்ட்டும் இருக்கு, யூ போல்ட்டும் இருக்கு, முன்கண்ணு (கமானோட முன் முனை வளையம்) போல்ட்டும் இருக்கு, கமானோட இன்னொரு முனையை சேஸோட (வண்டியோட இரும்புச் சட்டம்) சேக்குற ஷேக்கிள்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நீங்க எதை அடிச்சிட்டு இருக்கீங்க?

மலைப்பாதை:
நட்டு கழண்டுச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க

பழைய_ஜீப்:
தம்பி, எந்தப் பக்கமா திருப்புறீங்க? இடது மரையா இருக்கப் போகுது. என் வில்லிஸ் ஜீப்புல இப்படித்தான், நாள் பூரா டைட் பண்ணிட்டே இருந்திருக்கேன் லூஸ் பண்றதா நெனச்சு. எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்க, அல்வா மாதிரி வரும்

டார்க்_ரெஞ்ச்:
வில்லிஸ்ல இருக்கிறது யூ வடிவ ஷேக்கிள், மரை போட்ட புஷ்ஷு (போல்ட்டு உள்ள போற உருளை), அதுல சிலதுக்கு இடது மரை உண்டு, சரி. அதுக்காக ஊர்ல உள்ள எல்லா வண்டிக்கும் அதையே சொல்லுவீங்களா? கேக்குறவருக்கும் ஒரு வார்த்தை, டபிள்யூடின்னாலே தண்ணிய விரட்டுறதுன்னுதான் அர்த்தம், 40ங்கிறது நாப்பதாவது தடவை செஞ்சு பாத்த கலவை. துருவுக்குள்ள எறங்குறதுக்கு வேற ஆயில் இருக்கு. இதெல்லாம் இங்க பத்துத் தடவை எழுதியாச்சு, யாரும் படிக்கிறதில்ல.

பழைய_ஜீப்:
உதவி கேட்டு வந்தவர்கிட்ட வகுப்பு எடுக்காதீங்க சார்

தேங்கா_எண்ணெய்:
தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் சம அளவு கலந்து ராத்திரி ஊத்தி வைங்க. எங்க தாத்தா லாரி காலத்து வைத்தியம்.

உப்புவண்டி:
சாரி, லோடு எறக்கப் போயிட்டேன். டாடா 207, 2009. பின்னாடி டிரைவர் பக்கம், ஷேக்கிள் மேல் போல்ட். நட்டு வந்துருச்சு. ரெண்டாவது பட்டை முறிஞ்சு போச்சு அதான் சாஞ்சிருக்கு, முன்கண்ணு போல்ட்டு ஈஸியா வந்துருச்சு, இது ஒண்ணுதான் மல்லுக்கு நிக்குது. பைப்பு மாட்டித் திருப்புனா கொஞ்சம் திரும்புது, கைய விட்டா பழையபடி அங்கயே வந்து நிக்குது. வேதாரண்யத்துல உப்பு மூட்டை ஏத்துற வண்டிங்க

மலைப்பாதை:
உப்பு லோடா!! இத மொதல் வரியிலயே சொல்லியிருக்கணும்ணே 😀 1930ல ராஜாஜி உப்பு அள்ளப் போன ஊரு, உங்க சேஸ் மட்டும் தப்பிக்குமா

ஸ்பேனர்17:
திரும்பிட்டுத் திரும்பி வருதுன்னீங்கல்ல, அதுலயே பதில் இருக்கு. புஷ்ஷுல ரப்பருக்கு நடுவுல ஒரு இரும்பு ஸ்லீவ் இருக்கும், போல்ட்டு அந்த ஸ்லீவோட சேந்து துருவேறி ஒண்ணாயிருச்சு, நீங்க முறுக்குறது ரப்பரைத்தான். எவ்வளவு அடிச்சாலும் ரப்பர் அந்த அடிய வாங்கி முழுங்கிரும். வெட்டித்தான் எடுக்கணும். சேஸுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுத்துட்டு ஆக்ஸிலுக்கு ஜாக்கி போட்டு கமான் மேல எந்தப் பாரமும் இல்லாத அளவுக்குக் கொண்டு வாங்க, பாரம் இருந்தா பிளேடு பிடிச்சுக்கும். அப்புறம் ஷேக்கிள் பிளேட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல ரெண்டு பக்கமும் வெட்டுங்க. கிரைண்டர்ல மாட்டுற 1 எம்எம் வெட்டுற வீல் போகலன்னா வெறும் ஆக்ஸா பிளேடுல துணி சுத்திக் கையால ராவுங்க, ஒரு மணி நேரம் ஆனாலும் வந்துரும். போல்ட்டும் புஷ்ஷும் புதுசு வாங்கி வச்சிட்டு ஆரம்பிங்க

கேஸ்_கட்டர்:
அவ்ளோ மெனக்கெடணுமா, கேஸ் வச்சு ரப்பரைக் கொளுத்தி விட்டா அஞ்சு நிமிசத்துல கையோட வந்துரும்

டார்க்_ரெஞ்ச்:
பக்கத்துலயே டீசல் டேங்க், பிரேக் ஹோஸ். டப்பா டப்பாவா ஆயில் அடிச்சு ஊறி இருக்கு. அதுல நெருப்பு வைக்கச் சொல்றீங்க. நல்லா இருங்க.

கேஸ்_கட்டர்:
ஈரச் சாக்கு போட்டு மூடிட்டுத்தான் செய்வோம். 20 வருசமா செய்றேன், எனக்குத் தெரியாதா

தேங்கா_எண்ணெய்:
உப்பு லோடு அடிக்கிறவங்க மாசம் ஒருக்கா அடியில கருப்பு ஆயில் (ஓடிக் கழிச்ச என்ஜின் ஆயில்) ஸ்பிரே பண்ணாலே இந்தப் பிரச்சினை வராது

ஸ்பேனர்17:
கருப்பு ஆயில் பட்டா ரப்பர் ஊதிப்போயி நாளடைவுல கொழகொழன்னு ஆயிரும். சேஸுக்கு நல்லது, புஷ்ஷுக்கு எமன். லோடு எறக்கின அன்னைக்கே நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க, அது போதும்

தேங்கா_எண்ணெய்:
எங்க ஊர்ல நல்ல தண்ணி குடிக்கவே லாரியில வருது, வண்டி கழுவவா? போர் போட்டா அதுவும் உப்பு. உப்பை உப்புத் தண்ணியில கழுவச் சொல்றீங்க

மலைப்பாதை:
😀😀 நியாயமான கேள்வி

டார்க்_ரெஞ்ச்:
புஷ் மேல ஒரு பழைய துணியச் சுத்திட்டு ஸ்பிரே பண்ணா ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும். இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை.

பழைய_ஜீப்:
இடது மரையான்னு இன்னும் யாரும் பாக்கல

ஸ்பேனர்17:
ஐயா நட்டே கழண்டு கீழ கெடக்கு 🙏

ஸ்பேனர்17:
உப்புவண்டி, புதுசு மாட்டும்போது ரெண்டு விசயம். புஷ்ஷை உள்ள இழுக்க சோப்புத் தண்ணி தடவுங்க, கிரீஸ் வேணாம். கிரீஸ் போல்ட்டுக்கு மட்டும், ஸ்லீவுக்குள்ள போற எடம் முழுக்கத் தடவுங்க, அடுத்த தடவை இந்தப் பாடு படவேணாம். அப்புறம் வண்டிய எறக்கி டயர் தரையில நின்னு பாரம் வந்த பெறகு கடைசி டைட் வைங்க. தொங்குற நெலமையிலயே முறுக்கிட்டா எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், நாலு மாசத்துல கிழிஞ்சிரும். யூ போல்ட்டும் பழசையே திருப்பிப் போடாதீங்க, புதுசா வாங்குங்க

மலைப்பாதை:
அண்ணே என்னாச்சு? வியாழக்கிழமையும் போயிருச்சே

உப்புவண்டி:
ஆக்ஸா பிளேடு நாலு ஒடஞ்சுது, வந்துருச்சு. எஃப்சி ஆயிருச்சு. நன்றி. லோடுக்குக் கெளம்பிட்டேன்

ஸ்பேனர்17:
சந்தோசம். டயர் தரையில இருக்கும்போதுதானே டைட் வச்சீங்க?

ஸ்பேனர்17:
ஹலோ?

மீன்பாடி_வண்டி:
எனக்கும் இதே பிரச்சினைதான், போல்ட்டு வரமாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

டார்க்_ரெஞ்ச்:
எந்த வண்டி, எந்த போல்ட்.