புதுப்பிப்பு: பழைய டிரக்கின் எல்இடி பின்விளக்குச் சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டது இதுதான்: 12 வோல்ட் பழைய டிரக்கில் பின்விளக்குகளை எல்இடிக்கு மாற்றினேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் அவை மங்கின. இண்டிகேட்டரும் படுவேகமாகத் துடித்தது. விளக்கின் தரம்தான் மோசம் என்று நினைத்தேன். தவறு.

மங்கலுக்குக் காரணம் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரின் ஒரு முனை, விளக்கின் எர்த் கம்பியில் மறுமுனை. ரிவர்ஸ் விளக்கு எரியும்போது 3.8 வோல்ட் காட்டியது! கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டிய இடம். ரிவர்ஸ் விளக்கு மட்டும் இன்னும் பழைய 21 வாட் பல்பு. அதன் கரண்ட் முழுவதும் எல்இடிகளின் எர்த் கம்பியும் சேரும் அதே துருப்பிடித்த போல்ட் வழியாகத்தான் திரும்புகிறது. விளக்கை எரியவிடாமல் ஓம்ஸ் (மின்தடை) மட்டும் பார்த்தபோது இது சிக்கவே இல்லை. லோடு கொடுத்து, அதாவது விளக்கை எரியவிட்டு, வோல்ட் பாருங்கள், அதுதான் உண்மையைச் சொல்லும். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, புது லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது 0.05 வோல்ட்.

அப்புறம் இண்டிகேட்டர். பழைய பிளாஷர் (இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ரிலே) கரண்டின் அளவைப் பார்த்துத் துடிப்பது. எல்இடி இழுப்பது கொஞ்சம் என்பதால் பல்பு போய்விட்டதாக நினைத்து வேகமாகத் துடிக்கிறது. எலக்ட்ரானிக் பிளாஷர் போட்டதும் சரியானது. அதற்குத் தனியாக ஓர் எர்த் கம்பி வேண்டும், மறக்காதீர்கள். லோடு ரெசிஸ்டர் (பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்கும் மின்தடை) வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அது கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக் அருகே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வலது விளக்கின் கனெக்டரில் லேசான பச்சைப் பூப்பு (அரிப்பு) இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன்.