மறுமொழி: றிம் ஒவ்செற்றுக்குத் தமிழ் – ‘விலக்கம்’ வேண்டாம், ‘உள்வாங்கல்’ எப்படி?

எல்லோருக்கும் வணக்கம்.

வாகனச் சில்லின் றிம்மில் ‘ஒவ்செற்’ (offset) என்று ஓர் அளவு உண்டு: றிம்மின் நடுவிலிருந்து, வண்டியோடு பூட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. அதற்குத் தமிழாகச் சென்னை நண்பர் முன்வைத்த ‘விலக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. standard deviation என்பதற்கு இங்கே இலங்கைப் பள்ளியில் நியம விலகல், அங்கே தமிழ்நாட்டில் திட்ட விலக்கம். இரண்டும் புள்ளிவிபரவியலில் குடியேறிவிட்ட சொற்கள். ‘இடப்பெயர்வு’ என்று யாழ்ப்பாணத்தில் வாயெடுத்தாலே, போரில் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர்தான் நினைவுக்கு வரும். றிம்மைப் பற்றிக் கதைக்கும்போது அது வேண்டாம். அச்சுத் தொழிலில் ஒவ்செற்றை ‘மறுதோன்றி’ என்றார்கள். அழகான சொல்தான், ஆனால் சில்லுக்கு உதவாது. (தமிழ்நாட்டு அன்பர்கள் மன்னிக்க: எங்களுக்குச் சில்லு என்றால் சக்கரம், கணினிக்குள் இருப்பதல்ல.)

இதற்கு நான் மினக்கெடக் காரணம் என் மருமகன். மின்சார எஸ்யூவி ஒன்று எடுத்தான். அதோடு வந்த றிம் 7 அங்குல அகலம், ஒவ்செற் 50 மில்லிமீற்றர். எடுப்பாக இருக்கட்டும் என்று 8 அங்குலம், ஒவ்செற் 35 வாங்கி வந்தான். இலக்கம் குறைந்தால் சில்லு உள்ளே போகும் என்று நினைத்திருக்கிறான். நடந்தது மறுதலை. கூடிய ஓர் அங்குலத்தில் பாதி, அதாவது 12.7 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் வந்தது. ஒவ்செற் குறைந்த 15 மில்லிமீற்றரும் அதே பக்கம். ஆக வெளிவிளிம்பு 27.7 மில்லிமீற்றர் துருத்திக்கொண்டது. பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பள்ளமொன்றில் விட்டான். மட்காட் ரயரைச் சுரண்டிவிட்டது.

கொக்குவிலில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த ஐயா புது றிம்மைக் குப்புறக் கிடத்தினார். பின்விளிம்பின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து, அதிலிருந்து போல்ற் ஓட்டைகள் இருக்கிற முகம்வரை ரேப்பை இறக்கினார். 149 மில்லிமீற்றர். றிம்மில் எழுதியிருக்கும் 8 அங்குலம் ரயர் குந்துகிற இடத்தின் அகலம்தான். இரண்டு பக்க விளிம்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 9 அங்குலம், 228 மில்லிமீற்றர். அதில் பாதி 114. 149இல் அதைக் கழித்தால் 35, அதுதான் ஒவ்செற். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பழைய சில்லு நல்லா உள்வாங்கி நிக்குது தம்பி. இது அவ்வளவு உள்வாங்கேல்ல. அதுதான் பிரச்சினை.”

நான் ஒரு கிழமையாக அகராதி புரட்டித் தேடியதை மனுசன் பேச்சோடு பேச்சாகத் தந்துவிட்டார். ரோட்டிலிருந்து உள்வாங்கிக் கட்டின வீடு என்கிறோம், கடல் உள்வாங்கியது என்கிறோம். அதே உள்வாங்கல்தான்.

வரையறை இப்படி இருக்கலாம்: சில்லின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுத்தளத்திலிருந்து, குடத்தோடு (hub) ஒட்டும் முகம் வெளிப்புறமாக எத்தனை மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறதோ அதுவே உள்வாங்கல். (குடம் நான் புதிதாகச் செய்த சொல் அல்ல, மாட்டுவண்டிச் சில்லின் நடுவில் இருப்பதற்கு உள்ள பெயர்.) முகம் வெளியே தள்ளியிருந்தால் சில்லு உள்ளே போகும். இலக்கம் கூடக்கூட உள்வாங்கலும் கூடும், மருமகன் விட்ட பிழையைச் சொல்லே தடுக்கும். ‘விலக்கம் 35’ என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறதே! முகம் நடுத்தளத்துக்கு உட்புறமாக இருந்தால் மறை (−) உள்வாங்கல். றிம்மில் ‘ஈரி’ (ET) என்று பொறிப்பதும் ஜேர்மன் சொல்லொன்றின் சுருக்கம்தான்; உள்ளே அழுத்திய ஆழம் என்பது அதன் பொருள். அவர்களும் உள்பக்கத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு கருத்தை உள்வாங்குவது என்றும் சொல்கிறோமே, குழம்பாதா என்று யாராவது கேட்பீர்கள். றிம் கடையில் குழம்பாது. சட்டம் வைத்து அளந்த அந்த 149க்கு ‘பின்னாழம்’ போதும், அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

அகலத்துக்கு அகலமே சரி. ஆனால் ‘ரயர் இருக்கை அகலம்’ என்று ஒருமுறையாவது முழுதாக எழுதுவோம், இல்லாவிட்டால் விளிம்புக்கு விளிம்பு அளந்துவிட்டு 9 என்பார்கள். அப்புறம், மின்சார வாகனத்தில் பற்றரியின் பாரமும் சில்லின் மேல்தான். றிம் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்குச் ‘சுமைதிறன்’ என்று போட்டிருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள்.

மருமகன் பழைய றிம்மையே திரும்பப் பூட்டிவிட்டான். புதியது நாலும் என் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது.