செமி ஆட்டோமேட்டிக்கில் பறக்கும் காலி ஷெல்களை எப்படிப் பிடிப்பது?

பெரம்பூர்வாசி:
டெக்சாஸில் மச்சான் வீட்டுக்கு இரண்டு மாதம் வந்திருக்கிறேன், சனிக்கிழமையானால் டிராப் (வானில் வீசும் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) சுடக் கூட்டிப்போய்விடுகிறார். அவருடையது 12 போர் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி, சுட்டதும் காலியைத் தானே வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சுடுவதுகூடப் பரவாயில்லை (25-க்கு 9, சிரிக்காதீர்கள்), ஆனால் ஒவ்வொரு தடவையும் காலி ஷெல் (சுட்ட தோட்டாவின் கூடு) வலது பக்கம் ஆறேழு அடி எகிறிப் போகிறது. போன வாரம் பக்கத்தில் நின்ற பெரியவர் முழங்கையில் சுடச்சுட ஒன்று பட்டு, அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மச்சான் அதில் மறுபடி மருந்து நிரப்புகிறவர், ஒன்று குறைந்தாலும் முகம் சுருங்கும். பொறுக்கிப் பொறுக்கி முதுகு போயிற்று. வழி உண்டா?

டபுள்பேரல்:
பறக்கவே விடாதீர்கள். ஷெல் கேட்ச்சர் என்று சின்னதாக ஒன்று விற்கிறார்கள், காலி வெளியே வரும் வாயில் மாட்டினால் அங்கேயே சிக்கி நிற்கும், விரலால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கி மாடலைச் சொல்லி வாங்க வேண்டும். அதுவரை தடித்த ரப்பர் பேண்ட் போதும். அந்த வாய்க்குக் குறுக்கே வருகிற மாதிரி சுற்றிப் போட்டு, கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நம் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட டிராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா உண்டு, அங்கே உள்ள அமெரிக்க டிராப்பில் ஒன்றுதான், அதனால் ஒத்துவரும். டபுள்ஸ், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வரும் ஆட்டம் என்றால் கழற்றிவிடுங்கள், முதல் காலி வழியை அடைத்தால் இரண்டாவது தோட்டா ஏறாது.

வேளச்சேரிக்கொக்கு:
ஆளில்லாத நேரம் என்றால், நாவல் மரம் உலுக்கும்போது கீழே வேட்டி விரிப்போமே, அதே மாதிரி வலது பக்கம் ஒரு தார்ப்பாய். நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் முடிந்தது. அப்புறம் மலிவுத் தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை மாதிரி மின்னும், உள்ளே பெரும்பாலும் இரும்புதான். ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், ஒட்டினால் காந்தக் கோல் வாங்குங்கள், குனியவே வேண்டாம். எது செய்தாலும் சுற்று முடிந்து எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்த பிறகுதான் பொறுக்கப் போக வேண்டும்.

பெரம்பூர்வாசி:
ப்ராக்கோலி கட்டி வந்த ரப்பர் பேண்டைப் போட்டேன், 25-இல் 22 நின்றது! மச்சான் வாயைத் திறக்கவில்லை. சரி, பையன் கேட்கிறான், ஞாபகத்துக்கு இரண்டு காலி ஷெல் ஊருக்கு எடுத்துவரலாமா?

டபுள்பேரல்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாக் கணக்கில்தான் வரும். ஸ்கேனரில் தெரிந்தால் காலி என்று விளக்கிக்கொண்டே ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். பையனுக்குச் சாக்லேட் வாங்குங்கள். பெட்டி கட்டும் முன், டிராப் சுடப் போட்டுப்போன ஜீன்ஸின் பாக்கெட்டை உள்ளே வெளியே திருப்பிப் பாருங்கள்.