‘தொடர்புநலன்’, ‘நலன்முரண்’: ஒன்று போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கான நடத்தை விதிகளைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், ‘கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (பொறுப்பில் இருப்பவரின் சொந்தப் பலன் அப்பொறுப்போடு மோதும் நிலை) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த விவாத இழையில் வந்த பரிந்துரைகளை அவ்விதிகளில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தேன். ‘ஆர்வ முரண்’ முதலிலேயே உதிர்ந்துவிட்டது. இங்கே பேசப்படுவது ஒருவருடைய ஆர்வம் அன்று, அவருக்குள்ள பங்கும் பலனும். ‘இரட்டை ஆதாயம்’ எளிதில் புரிகிறது என்றாலும், ஆதாயம் அடைந்தாயிற்று என்றே தீர்ப்பளித்துவிடுகிறது.

இதன் விளைவை நேரில் கண்டேன். ஆண்டுவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அச்சடிக்க வந்த மூன்று கொட்டேஷன்களில் ஒன்று, செயற்குழு உறுப்பினர் ஒருவருடைய மைத்துனரின் அச்சகத்திலிருந்து வந்தது. ‘ஆதாய அறிவிப்பு’ என்று தலைப்பிட்ட வரைவுப் படிவத்தை நீட்டியதும், அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “நான் என்ன கமிஷனா வாங்கினேன்?” என்று கேட்டார். “அதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, என்னைக் கேட்காதீர்கள்” என்று சற்று முன்புதான் தாமாகவே சொல்லியிருந்தவர் அவர்.

அவர் சொன்ன ‘சம்பந்தம்’தான் சட்டம் பேசும் ‘இன்ட்ரஸ்ட்’. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 184-ஆம் பிரிவு, இயக்குநர் தமக்குள்ள தொடர்பை அறிவிக்க வேண்டும் என்கிறது. 166(4) பிரிவோ, கம்பெனியின் நலனோடு முரண்படுகிற அல்லது முரண்படக்கூடிய நலன் தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ இருக்கும் நிலையில் அவர் சிக்கக்கூடாது என்கிறது. எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்பதால் இப்பிரிவுகள் எங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் இந்தப் பாகுபாடு எடுத்தாளத் தக்கது. முதலாவதைத் ‘தொடர்புநலன்’ என்றும், அது சங்கத்தின் நலனோடு மோதும் நிலையை ‘நலன்முரண்’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. தொடர்புநலனை உறுப்பினர் அறிவிப்பார். அது நலன்முரண் ஆகுமா என்பதைக் குழு முடிவு செய்யும். ‘நலன்’ என்றதும் நலத்திட்டம் நினைவுக்கு வரும் என்ற மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை. பொதுநலன், தன்னலம் என்றெல்லாம் அன்றாடம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

‘சம்பந்தம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்கே சபலம் தட்டியது. ஆனால் ‘சம்பந்தப்பட்ட உறுப்பினர்’ என்று எழுதினால் வழக்கில் சிக்கியவர் போலத் தொனிக்கிறது.

ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் சோழர்கால உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒருவர் இங்கே நினைவூட்டியிருந்தார். வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் பெயர் எழுதத் தகாதவர் என்று அது விலக்குவது உண்மையே. ஆனால் அது தகுதியிழப்பு. நமக்கு வேண்டியதோ பதவியில் இருப்பவர் ஒரே ஒரு விவாதப் பொருளில் மட்டும் விலகி நிற்பதற்கான சொல்.

அந்த ‘ரெக்யூசல்’தான் இன்னும் இடறுகிறது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் “உறுப்பினர் விலகினார்” என்று எழுதியதைப் படித்த பொருளாளர், அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார். ஆகவே இப்போதைக்கு, “தொடர்புநலனை அறிவித்து, இப்பொருள் முடியும்வரை ஒதுங்கியிருந்தார்” என்று எழுதிவருகிறோம். பெயர்ச்சொல்லாக ‘ஒதுங்கல்’ ஒட்டுமா, அல்லது ‘பொருள்விலக்கு’ போன்ற ஒன்று தேவையா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.