பிஎஸ் கமாண்டில் பயனர் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது, ஸ்கிரிப்ட் தப்பாக எண்ணுகிறது

கேள்வி:
வணக்கம். டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில் பில்லிங்-இம்போர்ட், பில்லிங்-எக்ஸ்போர்ட் என்று இரண்டு பயனர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை (நிரல்களை) பட்டியலிடும் பிஎஸ் ஏயூஎக்ஸ் அடித்தால் இரண்டுக்குமே முதல் பத்தியில் (நெடுவரிசையில்) "பில்லிங்+" என்றுதான் வருகிறது. அந்தப் பத்தியை, வரிகளைப் பத்தி பத்தியாகப் பிரிக்கும் ஆக் கமாண்டில் முழுப் பெயரோடு ஒப்பிட்டு ப்ராசஸை எண்ணும் பழைய ஸ்கிரிப்ட் 0 என்கிறது, இம்போர்ட் நின்றுவிட்டதாக ராத்திரியெல்லாம் அலர்ட். டபிள்யூ ஆப்ஷனை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், கடைசிப் பத்தி நீள்கிறதே தவிர பெயர் நீளவில்லை.

பதில் 1:
டபிள்யூ ஆப்ஷன் மொத்த வரியின் அகலத்துக்கானது. பயனர் பத்தியின் அகலம் தனி, அது 8 எழுத்து. பெயர் அதைத் தாண்டினால் முதல் 7 எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் வரும். சிஸ்டம்டி-நெட்வொர்க், சிஸ்டம்டி-ரிசால்வ் இரண்டும் "சிஸ்டம்டி+" என்று தெரிவதும் இதனால்தான். பிஎஸ் அடங்கிய ப்ராக்பிஎஸ் தொகுப்பின் பழைய பதிப்புகளில் பெயருக்குப் பதில் யூஐடி (பயனர் அடையாள எண்) வந்துவிடும். அகலத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்:
பிஎஸ் -இ -ஓ யூசர்:32,பிஐடி,ஆர்க்ஸ்

பதில் 2:
இந்த 8 எங்கிருந்து வந்தது என்றால், 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று குறிக்கும் யூடிஎம்பி கோப்பில் பெயருக்கு ஒதுக்கியதே 8 பைட். இன்றைய லினக்ஸில் அந்த இடம் 32 பைட் ஆகிவிட்டது, ஆனால் பிஎஸ் பத்தி மட்டும் 8லேயே நிற்கிறது. திடீரென்று அகலப்படுத்தினால் பத்தியை எழுத்து எண்ணி வெட்டும் ஸ்கிரிப்டுகள் எத்தனை உடையும் என்று யோசித்துப் பாருங்கள். என் கருத்து, அந்த அட்டவணை மனிதர் கண்ணால் பார்க்க. ஸ்கிரிப்ட் அதைப் படிக்கவே கூடாது. ப்ராசஸ்களைத் தேடி எண்ணித் தரும் பிஜிரெப் -சி -யூ பில்லிங்-இம்போர்ட் போதும், அது பயனர் பெயரை யூஐடியாக மாற்றித்தான் ஒப்பிடும், வெட்டுப்பட வழியே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி, எண்ணிக்கை சரியாக வருகிறது. ஆனால் அதோடு இன்வாய்ஸ்-இம்போர்ட்டர் என்ற ப்ராசஸ் பெயரையும் சேர்த்தால் மறுபடி 0.

பதில் 2:
ஆங்கிலத்தில் ஹைஃபனோடு எண்ணுங்கள், 16 எழுத்து. இங்கே வெட்டுவது பிஎஸ் இல்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே. ப்ராசஸ் பெயருக்கு 16 பைட், அதில் கடைசி பைட் முடிவுக் குறிக்குப் போய்விடும், மிஞ்சுவது 15. இதை அகலப்படுத்த ஆப்ஷன் கிடையாது. பிஜிரெப்பில் -எஃப் போட்டால் முழுக் கமாண்ட் வரியில் தேடும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயரைக் கொண்ட லாக் கோப்பை அதே பயனர் டெயில் கமாண்டில் திறந்து வைத்திருந்தால் அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், அதனால் பைனரியின் (நிரல் கோப்பின்) முழுப் பாதையைக் கொடுத்து, வரியின் தொடக்கத்தில் மட்டும் பொருத்தச் சொல்லும் ^ குறியை முன்னால் போடுங்கள்.

பதில் 1:
யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று காட்டும் டபிள்யூ கமாண்டிலும் (பிஎஸ் ஆப்ஷன் அல்ல) பெயர் வெட்டுப்படும், அதற்கு ப்ராக்பிஎஸ்_யூசர்லென் என்ற சூழல் மாறி இருக்கிறது. பழைய லாகின்களைக் காட்டும் லாஸ்ட் கமாண்டுக்கு -டபிள்யூ ஆப்ஷன்.

கேள்வி கேட்டவர்:
^ குறியோடு முழுப் பாதை கொடுத்ததும் வேலை செய்கிறது. மற்ற சர்வர்களிலும் பிஎஸ் பத்தியைப் படிக்கும் ஸ்கிரிப்டுகளைத் தேடி மாற்றப் போகிறேன்.