ஜப்பானிலிருந்து வந்த காரின் வானொலிப் பெட்டியில் ஐபாட் கிளாசிக்கை இணைப்பது எப்படி?

பனங்கூடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2007ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, பாவித்த நிலையில் இலங்கைக்கு இறக்குமதியான கார் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஓட்டி வருகிறேன். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட அதன் வானொலிப் பெட்டியில் குறுந்தட்டுக்கு ஒரு வாயும் எம்.டி. என்ற மினிடிஸ்க்குக்கு ஒரு வாயும் இருக்கின்றன. 3.5 மி.மீ. துளை, யூ.எஸ்.பி., புளூடூத் ஆகிய எதுவும் கிடையாது.

கோவில் திருவிழாக்களில் என் அப்பா ஒலிநாடாக்களில் பதிந்து வைத்த நாதசுர, தவில் கச்சேரிகளை இரண்டு ஆண்டுகள் செலவிட்டுக் கணினிக்கு மாற்றி, 160 ஜிபி ஐபாட் கிளாசிக் ஒன்றில் சேர்த்திருக்கிறேன். மாதம் இரண்டு முறையாவது ஏ9 வீதியில் அப்பாவை அழைத்துக்கொண்டு வவுனியா போய் வர வேண்டியிருப்பதால், அந்தப் பயணத்தில் அவர் இவற்றைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி, அதன் பெட்டியில் எழுதியிருந்தபடி 88.1இல் வைத்தேன். வானொலியையும் 88.1க்குத் திருப்பியபோது நாதசுரம் மெலிதாகக் கேட்டது. ஆனால் அதன் மேலேயே வேறொரு நிலையத்தின் பேச்சும் கேட்டது. எண்ணை மாற்றிப் பார்த்தால் நாதசுரமும் போய்விடுகிறது. பழைய கார்களில் ஒலிநாடா வாய்க்குள் செருகும் வயர் வைத்த ஒரு கசெட் இருந்ததே, அதைப் போல எம்.டி. வாய்க்கு ஏதாவது கிடைக்குமா? பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு அண்ட்ராய்டு திரை போடுமாறு கடைக்காரர் சொல்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை.

மின்னிணைப்பு எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில் எம்.டி. பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு சாதனம் இல்லை. ஒலிநாடாக் கருவியின் தலை காந்தப்புலத்தைப் படிக்கிறது. அந்தப் போலிக் கசெட்டுக்குள் இருக்கும் சிறிய தலை, உங்கள் பாட்டையே காந்தப்புலமாக மாற்றி அதற்கு நேரே காட்டியது, அவ்வளவுதான். எம்.டி. அப்படியன்று, சுழலும் தட்டை லேசரால் படித்து, சுருக்கப்பட்ட எண்வடிவத் தரவை விரித்து ஒலியாக்குகிறது. வெளியிலிருந்து ஒலியை நுழைக்க அங்கே இடமே இல்லை.

இனி டிரான்ஸ்மிட்டருக்கு வருவோம். அது பழுதானது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். ஜப்பானில் எஃப்.எம். வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. 90க்கு மேல் 108 வரை அந்நாட்டின் 1, 2, 3ஆம் தொலைக்காட்சி அலைவரிசைகள் இருந்தமையே அதற்குக் காரணம். 2011இல் பெரும்பாலான மாகாணங்களில் அனலொக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்ட பின்னரே 95 வரை இடம் திறந்தது. ஆகவே 2007ஆம் ஆண்டுப் பெட்டி 90ஐத் தாண்டாது. நம் நாட்டிலோ நிலையங்கள் 88 முதல் 108 வரை பரவியிருப்பதால், இறக்குமதி செய்பவர்கள் அன்டெனா வயருக்கும் வானொலிக்கும் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி விடுகிறார்கள். வரும் அலை ஒவ்வொன்றையும் அது ஒரு நிலையான அளவு கீழே இறக்கி வானொலிக்குக் கொடுக்கிறது. அந்த அளவு பெட்டிக்குப் பெட்டி 12, 14, 18, 20 என வேறுபடும்.

உங்கள் காரிலும் அது இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் சொன்ன அறிகுறி காட்டுகிறது. திரையில் 88.1 தெரியும்போது வானொலி உண்மையில் கேட்பது அதற்குப் பல மெகாஹேர்ட்ஸ் மேலேயுள்ள ஒரு நிலையத்தை. உங்கள் டிரான்ஸ்மிட்டரின் 88.1 எக்ஸ்பாண்டருக்குள் கசிந்து வந்து அதனோடு மோதுகிறது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையம் தன்னுடையது என்று அறிவிக்கும் எண்ணிலிருந்து உங்கள் திரை காட்டும் எண்ணைக் கழித்துப் பார்த்து எழுதுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

மிக்க நன்றி. மூன்று நிலையங்களில் கழித்துப் பார்த்தேன். மூன்றிலும் சரியாக 18 வருகிறது. இத்தனை நாளும் திரை பிழையாகக் காட்டுகிறது என்றே நினைத்திருந்தேன்.

மின்னிணைப்பு எழுதியது:

அப்படியானால் கணக்கு எளிது. திரையில் 76 முதல் 90 வரை மெதுவாக நகர்த்தி, எந்த நிலையமும் கேட்காத ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது 86.3 என்று வைத்துக்கொண்டால், டிரான்ஸ்மிட்டரை 104.3இல் வையுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதே இங்கே முக்கியம்.

செம்மண்தெரு எழுதியது:

மேலே உள்ள விளக்கம் முற்றிலும் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் வெறுமையாக இருக்கும் இடம் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வெறுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு நகரத்திலும் எண்ணை மாற்றிக்கொண்டு வாகனம் ஓட்டுவது ஆபத்து. அப்பாவின் பதிவுகளுக்கும் அது மரியாதையாக இராது. ஆகவே வயர் வழியாக இணைக்கும் எஃப்.எம். மொடுலேட்டரைப் பரிந்துரைக்கிறேன். அன்டெனா வயரின் நடுவே பொருத்தப்படும் அந்தப் பெட்டி, சுவிட்சைப் போட்டவுடன் வெளி அன்டெனாவைத் துண்டித்து ஐபாட்டின் ஒலியை மட்டும் வானொலிக்கு அனுப்புகிறது. துண்டிக்கும் வசதி எல்லா மொடுலேட்டரிலும் இல்லை. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த இருவர் பிழைவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. மொடுலேட்டரை எக்ஸ்பாண்டருக்கும் வானொலிக்கும் இடையில்தான் பொருத்த வேண்டும். 88.3இல் இயங்கும் மொடுலேட்டரை அன்டெனாப் பக்கத்தில் பொருத்தினால், எக்ஸ்பாண்டர் அதையும் 18 குறைத்து 70.3 ஆக்கிவிடும், உங்கள் வானொலியால் அதைப் பிடிக்கவே முடியாது. சரியான இடத்தில் பொருத்தினால் திரையிலும் 88.3 என்றே வைத்துக் கேட்கலாம். எஃப்.எம். வழியே செல்லும் ஒலி 15 கிலோஹேர்ட்ஸுடன் நின்றுவிடும் என்றாலும், ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிவுகளுக்கு அது பெரிய இழப்பன்று.

ஒலியை ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காமல், ஐபாட்டின் அடியிலுள்ள 30 முள் இணைப்பிலிருந்து லைன்-அவுட் வயர் மூலம் எடுங்கள். அங்கே வரும் ஒலியின் அளவு நிலையானது. ஐபாட்டின் வொலியூமை யாராவது கூட்டிக் குறைத்தாலும் மாறாது. ஐபாட்டைக் காரிலேயே சார்ஜ் செய்துகொண்டு கேட்டால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி வரக்கூடும். சார்ஜர் வழியாகவும் ஒலி வயர் வழியாகவும் இரண்டு தரைத்தொடர்புகள் ஏற்படுவதால் வரும் இரைச்சல் அது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டிரான்ஸ்ஃபோர்மரை ஒலி வயரில் சேர்த்தால் நின்றுவிடும்.

கராஜ்காரன் எழுதியது:

பெட்டியைக் கழற்றும் முன் ஒரு வேண்டுகோள். உங்களுடையது நவிகேஷன் திரையுள்ள பெட்டியாக இருந்தால், கார் பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதற்கு முன் யோசியுங்கள். சில ஜப்பானிய நவிகேஷன் பெட்டிகள் மின்சாரம் ஒருமுறை அறுந்தாலே பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்கும். அதை அமைத்தவர் ஜப்பானிலுள்ள முன்னைய உரிமையாளர். அத்தகைய பெட்டிகள் பலவற்றின் பின்புறம், வெளிக் கருவியின் ஒலியை வயர் மூலம் நேரே கொடுக்கக்கூடிய வி.டி.ஆர். என்ற உள்ளீடும் இருக்கும். அது இருந்தால் மொடுலேட்டரே தேவையில்லை. கடைக்காரர் சொன்னபடி மாற்றத்தான் வேண்டும் என்றாலும் முகப்பை அளந்து பாருங்கள். ஜப்பானியப் பெட்டிகளில் 200 மி.மீ. அகலமானவையும் உண்டு, அந்த இடத்தில் வழக்கமான 180 மி.மீ. திரையை வைத்தால் இரு பக்கமும் இடைவெளி விழும்.

பனங்கூடல் எழுதியது:

என் பெட்டியில் நவிகேஷன் திரை இல்லை, பின்புறம் வி.டி.ஆர். உள்ளீடும் இல்லை. ஆகவே மொடுலேட்டரை எக்ஸ்பாண்டருக்குப் பின்னால் பொருத்தி, லைன்-அவுட் வயரைக் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். செம்மண்தெரு அவர்கள் எச்சரித்த கீச்சொலி எனக்கும் வந்தது. ஐசொலேட்டர் போட்டதும் அடங்கியது. நேற்று வவுனியா வரை ஒரே எண்ணில், இடையில் எந்தப் பேச்சும் நுழையாமல் கேட்டோம். ஆனையிறவு தாண்டும்போது அப்பா ஒரு தவில் தனியைத் திரும்பப் போடச் சொன்னார். அந்தக் கச்சேரி நடந்த இரவில் தான் ஒலிவாங்கியை எந்தத் தூணில் கட்டினார் என்று இப்போதும் நினைவு வைத்திருக்கிறார்.